நாலு பேர் பேசினால் ஜீனோ

சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. கதையில் ஜீவா என்ற சர்வாதிகாரியின் ஆட்சி; நாயகி நிலா குழந்தை பெறவே அரசு அனுமதி வேண்டும்.

தனியாகப் படித்தால் நமக்கு ஜீனோதான். புத்தகம் படிக்கிற, நக்கலடிக்கிற அந்த இயந்திர நாயை யாருக்குத்தான் பிடிக்காது! அதே கதையை ஆவடி மின்சார ரயிலில் நாலு பேர் பேசட்டும். பட்டரவாக்கத்தில் இறங்குகிற லேத்காரர், "நாய்க்கு ஏதுங்க சுயபுத்தி? புரோகிராம் எழுதினது யாரு?" என்பார். எதிர் சீட் அம்மா விடமாட்டார்: "அதை விடுங்க, பிள்ளை பெத்துக்க நிலா எதுக்கு சர்க்காரைக் கேக்கணும்?"

அப்போது ஒருவர் எடுத்துக்கொடுப்பார்: சுஜாதா பாரத் எலக்ட்ரானிக்ஸ் பொறியாளர், மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் பங்கு வகித்தவர். ஓட்டு மெஷின் செய்தவரா இந்தச் சர்வாதிகாரியை எழுதினார்? கொரட்டூர் வந்தும் பேச்சு ஓயாது.