அட்வான்ஸ் எத்தனை மாதம்?

வியாசர்பாடியில் ஓர் இஸ்திரிக்கடை அம்மா வீடு தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 'டூ லெட்' பலகை தொங்குகிறது. வாடகை 6,000 ரூபாய். கட்டுப்படியாகும். அட்வான்ஸ்? பத்து மாதமாம்! அதாவது 60,000. காதில் கிடக்கும் கம்மலை அடகு வைத்தாலும் காணாது.

வாடகை வழிவிட்டாலும் அட்வான்ஸ் வாசலில் மறிக்கிறது.

தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் அட்வான்சுக்கு வரம்பு வைத்திருக்கிறது. மூன்று மாத வாடகை. ஆமாம், மூன்றே மாதம். அந்த அம்மாவுக்கு 18,000 ரூபாய். ஆனால் இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் அதுவும் செல்லும். ஓட்டை அங்கேதான் இருக்கிறது!

ஆகவே கையெழுத்துப் போடுமுன் மூன்று மாதம் என்று பேசிப் பார்க்கலாம். பேசியதை எழுத்தில் வாங்கிக்கொள்ளலாம்.