விண்ணப்பம் இரப்பன்று
(மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெள்ளாற்றின் வடகரையில் அமைந்தது புவனகிரி. பாலத்தைக் கடந்து தெற்கே சென்றால் சிறிது நேரத்தில் சிதம்பரம். அங்கே 1929-ஆம் ஆண்டு தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1945 முதல் பொறியியற் கல்வி நடைபெற்று வருகிறது. ஆகவே புவனகிரியிற் பிறந்த பிள்ளைக்குப் பொறியியற் கல்லூரி பேருந்தேறிச் சென்றடையக் கூடிய தொலைவில்தான் இருக்கிறது. ஆயினும் எத்தனையோ பிள்ளைகள் அப்பேருந்தில் ஏறாமலே நின்றுவிடுகின்றனர். மதிப்பெண் குறைந்தவர் நின்றால் அதற்கொரு காரணம் உண்டு. மதிப்பெண் பெற்றவரும் நிற்பதற்குக் காரணம் என்ன என்பதே இவ்வுரையின் பொருள்.

இப்பகுதிக்குக் கல்வி புதியதன்று. இன்றைய கடலூரின் ஒரு பகுதியான திருப்பாதிரிப்புலியூர் முற்காலத்தில் பாடலிபுத்திரம் எனப் பெயர் பெற்றுச் சமணப் பள்ளியாற் சிறந்து விளங்கிற்று. சர்வநந்தி முனிவரின் லோகவிபாகம் என்னும் பிராகிருத நூல் காஞ்சிப் பல்லவன் சிம்மவர்மனது 22-ஆம் ஆட்சியாண்டில், சக ஆண்டு 380-இல், அதாவது கி.பி. 458-இல் அங்கே எழுதப்பெற்றது. மூலநூல் மறைந்துவிட்டது, சிம்மசூரி செய்த வடமொழி வடிவமே இன்று கிடைக்கிறது. பேரெண்களை இடமதிப்பு முறையில், சுழியத்தையும் உட்படுத்திச் சொல்லும் மிகப் பழைய நூல்களுள் ஒன்றாகக் கணித வரலாற்றாசிரியர் அதனைக் குறிப்பிடுவர். இன்று ஒரு மாணவி கணிப்பொறியியல் பயில விரும்பினால், அவள் பயன்படுத்தும் சுழியத்தைப் பதினைந்து நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுத்தில் ஏற்றிய மண் அவள் வீட்டிற்கு வடக்கே இருக்கிறது. இதனைப் பெருமைக்காக மட்டும் சொல்லி நிறுத்துவது எளிது. அப்பள்ளியில் முனிவர்கள் அமர்ந்து எழுத, அவர்களுக்கு உணவும் ஏடும் உறைவிடமும் அளித்தவர் இல்லறத்தாராகிய சிராவகர் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் என்று தானத்தை நான்காக வகுத்தது ஜினநெறி. நான்காவதாகிய சாத்திர தானத்தை ஏடு எழுதுவித்தல், நூல் பதிப்பித்தல் என்ற அளவிலேயே பலர் கொள்கின்றனர். ஒரு பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தைச் செலுத்துவதும் அதுவே. தானம் அறமாயின் அதனைத் தகுதியுடையார் ஏற்பதும் அறத்தின் ஒரு பாதியாகும். ஏற்பவர் இல்லையேல் ஈவார்க்கு அறம் ஏது?

ஆனால் தமிழ்ச் சமணக் குடும்பங்களில் ஒரு தயக்கம் தலைமுறை தலைமுறையாக வேரூன்றி நிற்கிறது. நிலம் வைத்திருந்த குடும்பம், 'நயினார்' என்று ஊரார் மதித்த குடும்பம், வட்டாட்சியர் அலுவலகத்திற்குச் சென்று வருமானச் சான்றிதழ் கேட்பதா என்னும் நாணமே அது. நிலம் குறைந்து, விளைச்சல் பொய்த்து, வருமானம் சுருங்கிய பின்னும் அந்நாணம் மட்டும் சுருங்கவில்லை. ஏலாசாரியரே வள்ளுவர் என்பது தமிழ்ச் சமணர் மரபு. அவ்வள்ளுவர் 'இரவு' என ஓர் அதிகாரம் வகுத்து, அதனை அடுத்தே 'இரவச்சம்' என மற்றோர் அதிகாரம் வகுத்தார். இரவச்சத்தை மட்டும் நெஞ்சில் இருத்தி, முன்னுள்ள அதிகாரத்தை மறந்தவர்களாகப் பல பெற்றோர் வாழ்கின்றனர். அன்றியும், கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பித்தல் அவ்விரண்டு அதிகாரங்களுள்ளும் அடங்காது. இரப்பவன் தகுதி காட்ட வேண்டுவதில்லை. விண்ணப்பிப்பவன் தகுதியைக் காட்டி, பெற்ற பின்பும் அதனைக் காத்து வர வேண்டும்.

இதற்கு இராமேசுவரத்துப் பிள்ளை ஒருவரின் வாழ்வு போதும். திருச்சிராப்பள்ளி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் பட்டம் பெற்ற அப்துல் கலாம், வானூர்திப் பொறியியல் பயில விரும்பிக் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் இடம் பெற்றார். இடம் கிடைத்தது, சேர்வதற்கு வேண்டிய ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் தந்தையிடம் இல்லை. தமக்கை ஜொஹரா தம் பொன்வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் தந்தார். அவ்வளையல்களைத் தம் சொந்த ஈட்டத்தால் மீட்பதென்று தம்பி உறுதிபூண்டார். அந்நிலையில் அவருக்கிருந்த ஒரே வழி நன்கு படித்து உதவித்தொகை பெறுவது. அதனைப் பெற்றார். பின்னர்த் தாக்குதல் விமானம் ஒன்றின் வடிவமைப்புப் பணியில் அவர் பின்தங்கியபோது, இயக்குநராயிருந்த பேராசிரியர் சீனிவாசன் வெள்ளிக்கிழமை பிற்பகலில் அவரிடம் மூன்று நாள் தவணை கொடுத்தார். திங்கட்கிழமை காலைக்குள் வரைபடம் வாராவிடின் உதவித்தொகை நிறுத்தப்படும் என்றார். இரவுணவையும் விட்டு இரவெல்லாம் வரைபலகை முன் அமர்ந்து அப்பணியை முடித்தார் கலாம். இச்செய்திகளை 'அக்னிச் சிறகுகள்' நூலில் அவரே எழுதியுள்ளார்.

அந்த உதவித்தொகை நின்றிருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். அத்தொகையைப் பெற்றதற்காகக் கலாம் எங்கும் நாணவில்லை. நிறுத்தப்படுமோ என்றே அஞ்சினார். குடியரசுத் தலைவராய் உயர்ந்த பின், ஆசாரிய மகாபிரக்ஞருடன் அமர்ந்து குடும்பமும் நாடும் பற்றி ஒரு நூலே எழுதினார் என்பது ஜினநெறியாளர் அறிந்ததே.

கும்பகோணத்து இராமாநுசன் கதை இதன் மறுபுறம். கணிதத்தில் ஒப்பற்றவராய் விளங்கியும் ஆங்கிலத்தில் தேறாமையால் அரசினர் கல்லூரி உதவித்தொகையை அவர் இழந்தார். பின்பு 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியபோது, மூன்று மாதத்திற்கொருமுறை அவர் ஆய்வறிக்கை அளிக்க வேண்டியிருந்தது. மேதையே ஆயினும் கணக்குக் கொடுத்தாக வேண்டும்.

இனி இன்றைய நிலை. 2014 ஜனவரியில் நடுவணரசு ஜைனர்களைச் சிறுபான்மைச் சமூகமாக அறிவித்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழகத்தில் ஜைனர் 89,265 பேர். வடபுலத்திலிருந்து வந்து வாழ்வோரும் இவர்களுள் அடங்குவர். அவ்வறிவிப்பால், தொழிற்கல்வி பயிலும் சிறுபான்மை மாணவர்க்கான தகுதி–வருவாய் உதவித்தொகை ஜைன மாணவர்க்கும் உரியதாயிற்று. குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்திற்கு மேற்படாதவர்க்கு ஆண்டுதோறும் 20,000 ரூபாய் வரை படிப்புக் கட்டணம். விடுதி மாணவர்க்கு மேலும் 10,000 ரூபாய். வீட்டிலிருந்து செல்வோர்க்கு 5,000 ரூபாய். ஆனால் அதற்கு அளிக்கப்பட்ட ஒப்புதல் 2021-22 வரைக்கானது. அதன்பின் அது முன்போல நடைபெறவில்லை. உறவினர் பிள்ளை முன்னர்ப் பெற்றதைக் கேட்டு அதனையே நம்பியிருப்பது தவறு. அவ்வவ்வாண்டு எது நடப்பில் உள்ளது என்பதைத் தேசிய உதவித்தொகை இணையதளத்திற் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

பிற வழிகளும் உள்ளன. குடும்பத்தில் எவரும் பட்டம் பெறாதிருப்பின், ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியே சேரும் பிள்ளைக்கு முதல் பட்டதாரிச் சலுகையாகக் கல்விக் கட்டணத்தை 2010 முதல் தமிழக அரசு ஏற்கிறது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிற் பயின்றோர்க்கு 2021 முதல் பொறியியலில் 7.5 விழுக்காடு முன்னுரிமை இடங்கள் உண்டு. அவ்விடம் பெற்றவரின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் ஆகியவற்றையும் அரசே ஏற்கிறது. இதில் ஒரு நுட்பம் உள்ளது. அரசுப் பள்ளியிற் படித்துவரும் பிள்ளையைப் பத்தாம் வகுப்பிற்காகக் கடன் வாங்கித் தனியார் பள்ளிக்கு மாற்றும் பெற்றோர், பொறியியற் கல்வி முழுவதும் கட்டணமின்றிக் கிடைக்கும் வாய்ப்பை அன்றே இழக்கின்றனர். அதனை எவரும் அவர்களுக்கு எடுத்துச் சொல்வதில்லை.

பெண்மக்களுக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் 'பிரகதி' உதவித்தொகை ஆண்டுக்கு 50,000 ரூபாய் வழங்குகிறது. குடும்ப வருமான வரம்பு 8 லட்சம். ஒரு குடும்பத்தில் இரு பெண்கள் வரை பெறலாம். இருக்கும் பணம் மகன் படிப்புக்கு, மகளுக்கு அருகிலுள்ள கலைக் கல்லூரி என்று தீர்மானிக்கும் வீடுகள் இன்றும் உள. அவ்வீட்டார் இத்திட்டத்தை ஒருமுறையேனும் பார்த்துவிட்டுத் தீர்மானிக்கட்டும்.

எட்டாம் வகுப்பில் நடைபெறும் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வில் வென்றால், ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளுக்கு அது உரியது. தொகையை விடவும், பதின்மூன்று வயதிலேயே விண்ணப்பம் நிரப்பிப் பழகிய பிள்ளை பதினெட்டு வயதில் அஞ்சுவதில்லை என்பதே அதன் பெரும்பயன்.

மதிப்பெண் பெற்றும் நின்றுவிட்ட பிள்ளைகளின் கதைக்கு இப்போது வரலாம். அவர்களிற் பலரைத் தடுத்தது எழுத்துப் பிழை. பார்சுவநாதன், தரணேந்திரன், அப்பாண்டைநாதன் ஆகிய பெயர்களை ஆங்கிலத்தில் எழுதினால் ஓர் 'எச்' ஓரிடத்தில் மிகும், மற்றோரிடத்தில் குறையும். ஆதார் அட்டையில் தந்தை பெயர் முழுமையாக இருக்கும்; மதிப்பெண் பட்டியலில் தலைப்பெழுத்து மட்டும் நிற்கும்; வங்கிக் கணக்கில் அது பெயருக்குப் பின்னே போயிருக்கும். மூவகையாய் எழுதப்பட்ட அம்மூவரும் ஒருவரே என்று கணினி ஒப்புக்கொள்ளாது. பள்ளிப் பதிவேட்டில் மதம் என்னுமிடத்தில் வேறு எழுதப்பட்டிருக்குமாயின், சிறுபான்மைக்குரிய உதவியிலும் அது தடையாகும். இவற்றையெல்லாம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்விற்குப் பெயர்ப்பட்டியல் செல்லுமுன்பே பார்த்துத் திருத்திவிட வேண்டும். பின்னர்த் திருத்துவது மிகக் கடினம்.

கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200-க்குக் கணக்கிடும் கட்-ஆஃப் மதிப்பெண்ணைப் பெற்றோர் அரை மதிப்பெண் வரை மனப்பாடமாகச் சொல்வர். அதே பெற்றோரை வங்கிக் கணக்கு ஆதாருடன் இணைந்துள்ளதா என்று கேட்டால் விடை வாராது. உதவித்தொகை வந்து சேர்வதோ அக்கணக்கிற்கே.

கசப்பான செய்தி ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நாணி ஒதுங்குவோர் ஒருபுறமிருக்க, வசதி படைத்தும் வருமானத்தைக் குறைத்துக் காட்டிச் சான்றிதழ் பெறுவோர் மறுபுறம் உளர். எண்ணிக்கைக்கு வரம்புள்ள உதவித்தொகையில் தகுதியற்ற ஒருவர் பெறுவது தகுதியுள்ள ஒரு பிள்ளையின் இடத்தை. அணுவிரதம் ஐந்தில் பொய்யாமையும் கள்ளாமையும் ஒருங்கே அங்கு முறிகின்றன. பொருள் வரைதலை விரதமாகக் கொண்ட நெறியில் பிறந்தோர் அதனைச் செய்தலாகாது.

பம்பாயில் 1915-இல் தொடங்கப்பெற்ற ஸ்ரீ மகாவீர ஜைன வித்தியாலயம் மாணவர்க்கு உறைவிடமும் கல்விக் கடனும் தந்து, படித்து முடித்தோர் திருப்பிச் செலுத்த, அப்பணம் அடுத்த பிள்ளைக்குச் செல்லும் வழக்கத்தை வளர்த்தது. அத்துணைப் பெருநிதி தமிழ்ச் சமணரிடம் இல்லாதிருக்கலாம். ஆனால் ஓய்வுபெற்ற எழுத்தர், வங்கி அலுவலர், ஆசிரியர் ஒவ்வோர் ஊரிலும் உளர். பிளஸ் டூ தேர்வு முடிந்து முடிவு வருமுன் உள்ள இவ்வாரங்களில், அவர்கள் ஒருவருக்கு ஒரு குடும்பம் என எடுத்துக்கொண்டு, இ-சேவை மையத்திற்கு உடன் சென்று, வருமானச் சான்றிதழையும் முதல் பட்டதாரிச் சான்றிதழையும் பெற்றுத் தரலாம். அதுவும் சாத்திர தானமே. விழா முடிந்து வீடு திரும்புவோர், இல்லத்துப் பிள்ளையின் ஆதார் அட்டையையும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலையும் வங்கிக் கணக்குப் புத்தகத்தையும் இன்றிரவே அருகருகே வைத்து, மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பார்களாக.