சீமைக்கருவேலமும் விலாயதி கீக்கரும்

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் போன் பண்ணி, "டேய், நீ டெல்லிப் பக்கம்தானே இருக்கே, அங்கே ஊருக்குப் பக்கத்திலேயே காடு வளர்த்திருக்காங்களாமே, அதைப் பத்திப் பேசு" என்றார். "அண்ணே, காங்கிரீட் போடுறவனைக் கூப்பிட்டுக் காட்டைப் பத்திப் பேசச் சொல்றீங்களே" என்றேன். "நீங்கல்லாம் செஞ்ச வேலைக்குத்தான்டா இந்தத் தண்டனை" என்று சொல்லி வைத்துவிட்டார். அவர் சொன்னதில் தப்பில்லை. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

குர்காவ்ன் என்ற ஊருக்கு 2016-ல் குருகிராம் என்று பெயர் மாற்றினார்கள். அங்கே எழும்பியிருக்கும் கண்ணாடிக் கட்டடங்களை நீங்கள் சினிமாவில் பார்த்திருப்பீர்கள். அந்தக் காங்கிரீட்டுக்கு ஜல்லி எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பெரும்பாலும் கைக்கெட்டிய தூரத்தில் இருந்த ஆரவல்லி மலையிலிருந்துதான். குஜராத்தில் தொடங்கி ராஜஸ்தான், ஹரியானா வழியாக டெல்லிக்குள் வந்து முடியும், சுமார் 700 கிலோமீட்டர் நீளமுள்ள மலைத்தொடர் அது. உலகத்தின் மிகப் பழைய மலைகளில் ஒன்று. வயதான மலை என்பதால் உயரம் இல்லை; டெல்லிக்குக் கிட்டே வரும்போது நம்ம ஊர்க் கரட்டை விடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். ஆனால் அந்தக் குவார்ட்சைட் பாறை முழுக்க விரிசல். மழைத் தண்ணீர் அதன் வழியாகத்தான் நிலத்தடிக்கு இறங்குகிறது. பாறையை உடைத்து ஊரைக் கட்டினோம். பிறகு அதே ஊருக்குத் தண்ணீர் இல்லை என்று ஆழ்குழாய் போட்டோம். நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் இந்த இரண்டையும் ஒரே எஸ்டிமேட்டில் எழுதியிருக்கிறேன்.

அங்கே நாத்துப்பூர் என்ற கிராமத்தை ஒட்டி, டெல்லி எல்லையில், சுமார் 380 ஏக்கர் நிலம். கல் உடைத்து உடைத்துக் குழியாகக் கிடந்தது. 2002-லும் பிறகு 2009-லும் உச்ச நீதிமன்றம் அந்தப் பகுதிச் சுரங்கங்களை நிறுத்தச் சொன்னது. நகராட்சிக் கழகம் 2008-ல்தான் உருவானது. நிலம் அதன் கைக்கு வந்தது. 'ஐயாம் குர்காவ்ன்' என்ற குடிமக்கள் அமைப்பு, லத்திகா துக்ரால் என்ற முன்னாள் வங்கி அதிகாரி முதலானோர் சேர்ந்து தொடங்கியது, "இதைக் காடாக்கலாம்" என்று முன்வந்தது. 2010-ல் ஆரவல்லி பல்லுயிர்ப் பூங்கா தொடங்கப்பட்டது. (டெல்லி வசந்த் விஹார் பக்கம் கிட்டத்தட்ட இதே பெயரில் இன்னொன்று இருக்கிறது. அது வேறு, அதுவும் நல்ல இடம்.)

நான் முதன்முதலில் அங்கே போனபோது எனக்கு வியப்பாக இருந்தது எது தெரியுமா? நம்ம சீமைக்கருவேலம்! அசல் அதே முள், அதே நெற்று. கூட வந்த பஞ்சாபி நண்பர் அதை "விலாயதி கீக்கர்" என்றார். கீக்கர் என்றால் கருவேலம். விலாயதி என்றால் சீமை. இங்கிருந்து இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறவனும் அதே மரத்தைப் பார்த்து அதே பெயரை அவன் மொழியில் வைத்திருக்கிறான். தென்னமெரிக்காப் பக்கத்து மரம். வெள்ளைக்காரன் காலத்தில் விறகுக்கும் தரிசுக்கும் என்று கொண்டுவந்தது. அங்கேயும் பச்சையாகத் தெரிகிறதே என்று விட்டுவிட்டார்கள். கீழே வேறெதுவும் முளைக்கவில்லை.

இப்போது என் சொந்தத் தோல்வியைச் சொல்லிவிடுகிறேன். 2013-ல் வந்த கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு உங்களுக்குத் தெரிந்திருக்கும். குறிப்பிட்ட அளவுக்கு மேல் உள்ள நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அந்த வருடமே நான் வேலை பார்த்த நிறுவனத்தில் மரம் நடும் விழா. பொறுப்பாளர் யார்? நான்தான். ஜூலை மாதம், மழை, எல்லோருக்கும் பச்சை டீ-சர்ட், வெட்டிய ரிப்பன். சாலையோரத்தில் 500 கன்று. குல்மோகர் நிறைய, பூ நல்லா இருக்குமே என்று. மறு வருடம் மே மாதம் நானே தனியாகப் போய் எண்ணினேன். 31 உயிரோடு இருந்தது. அந்த மண் மண்ணே இல்லை. கட்டட இடிபாடு கொட்டி ரோலர் ஓட்டிய தளம். கம்பாக்‌ஷன் டெஸ்ட் செய்யத் தெரிந்த நான் அதை ஒருமுறை கடப்பாரையால் குத்திப் பார்க்கவில்லை. ஆனால் ஆண்டறிக்கையில் 500 மரம் என்றுதான் அச்சானது. அந்த வரியை எழுதிக் கொடுத்ததும் நான்தான்.

அந்த எரிச்சலில்தான் பூங்காவுக்குச் சனிக்கிழமைகளில் போக ஆரம்பித்தேன். அங்கே காட்டை வடிவமைத்தவர் விஜய் தஸ்மானா. அவர்கள் முதலில் கேட்ட கேள்வி "என்ன நடலாம்" என்பதல்ல, "இங்கே என்ன இருந்தது" என்பது. அதற்குப் பதில் புத்தகத்தில் மட்டும் கிடைக்காது. மிச்சம் இருக்கிற காட்டைப் போய்ப் பார்க்க வேண்டும். குர்காவ்னுக்கும் ஃபரீதாபாத்துக்கும் நடுவில் மாங்கர் பனி என்று ஒரு கோயில்காடு. குதரியா பாபா என்ற சாமியாருக்கு உரியது என்று சுற்று வட்டாரக் கிராமத்தார் ஒரு குச்சியைக்கூட ஒடிக்க மாட்டார்கள். நம்ம அய்யனார் கோயில் காடு மாதிரியே. அங்கே 'தௌ' என்ற மரம் மலைச்சரிவு முழுக்க நிற்கிறது. அந்தக் காட்டையும் ஆரவல்லியின் மற்ற இடங்களையும் பார்த்து, விதை பொறுக்கி, நாற்றங்கால் போட்டு, நூற்றுக்கும் மேற்பட்ட உள்ளூர் இனங்களை வளர்த்தார்கள். அதில் பல மரம் எந்த நர்சரியிலும் விலைக்குக் கிடைக்காதது.

இந்தத் தௌ மரத்தைப் பற்றி ஒரு நிமிடம் சொல்ல ஆசை. இதன் விதை பெரும்பாலும் பதர். கைநிறைய அள்ளினாலும் முளைப்பது சொற்பம். ஆனால் ஆடு மாடு மேய்ந்துகொண்டே இருந்தால் இது சாகாது. தரையோடு தரையாகப் பாய் விரித்த மாதிரிப் படர்ந்து வருடக்கணக்கில் கிடக்கும். பார்க்கிறவன் ஏதோ புதர் என்று தாண்டிப் போவான். மேய்ச்சல் நின்றால் எழுந்து மரமாகிவிடும். சில இடங்களில் கன்று நட வேண்டியதே இல்லை, காவல் போட்டால் போதும். இதை எங்கள் கம்பெனி மீட்டிங்கில் நான் சொன்னபோது மேலதிகாரி கேட்டார்: "அப்படின்னா எத்தனை மரம்னு போடறது?"

சிரிக்காதீர்கள், முழுச் சிக்கலும் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. நகராட்சி நிலம் தருகிறது. அமைப்பும் வல்லுநர்களும் அறிவையும் விடாப்பிடியையும் தருகிறார்கள். நிறுவனங்கள் பணம் தருகின்றன, மழைக்காலத்தில் ஊழியர்களையும் அனுப்புகின்றன. ஆனால் நிறுவனத்துப் பணம் கன்றுக்கு வரும், கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுகிறவன் சம்பளத்துக்கு வராது. கன்றை எண்ணலாம், போட்டோ எடுக்கலாம். மூன்றாவது வருடக் கோடையில் ஒருத்தர் குடம் தூக்குவதை யார் போட்டோ எடுப்பது? 2021-ல் விதிகளைத் திருத்தி, தொடங்கிய ஆண்டு போக மூன்றாண்டு வரை நீளும் திட்டங்களுக்கு வழி செய்தார்கள். நல்லதுதான். காட்டுக்கு மூன்று வருடம் போதாது, ஆனால் கன்று பிழைக்கப் போதும். அந்தப் பூங்கா பிழைத்ததற்குக் காரணம், வருடம் மாறி, அதிகாரி மாறி, நன்கொடையாளர் மாறியும் அதே ஆட்கள் பத்து வருடத்துக்கு மேல் அங்கேயே நின்றதுதான். பின்னாளில் பராமரிப்பு ஹீரோ மோட்டோகார்ப் நிறுவனத்தின் பொறுப்புக்குப் போனது.

அடுத்து 2018-19. டெல்லி வசந்த் குஞ்சிலிருந்து குர்காவ்னுக்கு ஒரு புதிய ஆறுவழிச் சாலை என்றார்கள். பழைய 8-ஆம் எண் நெடுஞ்சாலையில் நெரிசல். வரைபடத்தில் கோடு நேரே அந்தப் பூங்காவுக்குள் போகிறது. மக்கள் தெருவுக்கு வந்தார்கள், குழந்தைகள் அட்டை பிடித்தார்கள். எனக்கு? உண்மையைச் சொல்கிறேன், அந்த நெரிசலில் தினமும் ஒன்றரை மணி நேரம் கிடந்தவன் நான். சாலை வேண்டும் என்று நினைத்தேன். தொழில் முறையில் பார்த்தால் அந்தக் கோடு சரியான கோடு. ஏனென்றால் ஹரியானா வருவாய்க் கணக்கில் இப்படிப்பட்ட நிலத்துக்கு 'கைர் மும்கின் பஹாட்' என்று பெயர், பயிரிட முடியாத மலை. நம்ம கணக்கில் புறம்போக்கு மாதிரி. வீட்டுக்கு இழப்பீடு உண்டு, வயலுக்கு உண்டு. இதற்கு எஸ்டிமேட்டில் சைபர். சைபர் இருக்கிற பக்கம்தான் எந்த இன்ஜினீயரின் பேனாவும் போகும். என் பேனாவும் போயிருக்கிறது. அன்று கூட்டத்தின் ஓரத்தில் நின்றுவிட்டு, கையெழுத்து நோட்டு வந்தபோது போட்டேன். அலுவலகத்தில் யாரிடமும் சொல்லவில்லை. அந்தச் சாலை பூங்காவுக்குள் வரவில்லை. 2022 பிப்ரவரி 2-ஆம் தேதி, உலகச் சதுப்புநில நாளில், காப்புக்காடாக இல்லாமலே இயற்கையைக் காக்கும் இடம் என்ற வகையில் நாட்டின் முதல் தளமாக அதை அறிவித்தார்கள். இது அங்கீகாரம்தான். நாளைக்கு இன்னொரு கோடு வந்தால் தடுக்கிற பூட்டு அல்ல.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். பூங்கா வாசலுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு டீக்கடை. அங்கே ஒரு தாவூஜி, நம்ம ஊர் வழக்கில் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒருநாள் என்னிடம் கேட்டார்: "மலையைக் குவாரிக்காரன் எடுத்தான், எங்க ஆட்டுக்கு இடம் போச்சு. இப்ப நீங்க காடு ஆக்கிட்டீங்க, இப்பவும் எங்க ஆட்டுக்கு இடம் இல்லை. நீங்க மட்டும் ஷூ போட்டு நடக்கறீங்க." தௌ மரம் எழுந்து நிற்க மேய்ச்சல் நிற்க வேண்டும் என்று நான் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது சரி, ஆட்டுக்கு?" என்றார். என்னிடம் பதில் இல்லை. கூட்டு முயற்சி என்று நாம் பேசும்போது மேசையில் மூன்று நாற்காலி போடுகிறோம், அரசு, நிறுவனம், நம்மைப் போல் படித்த குடிமக்கள். தாவூஜிக்கு டீக்கடைப் பெஞ்சுதான்.

இதையெல்லாம் இங்கே வந்து சொல்லக் காரணம், நம் ஹாஸ்டலுக்குப் பின்னால் இருக்கிற ஆறு ஏக்கர். நாங்கள் படித்தபோதே சீமைக்கருவேலம், இன்றைக்கும் அதே. சங்கத்தின் இந்த ஆண்டுத் திட்டத்தில், ஜே.சி.பி. விட்டு அதைப் பிடுங்கிவிட்டு ஒன்றுகூடல் நினைவாக 1,000 கன்று நடுவது என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அண்ணன்மார்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டபோது எங்கள் ஊர்க் கண்மாயிலும் ஜே.சி.பி. இறங்கியது. பிடுங்கிய இடத்தில் என்ன வளர்ப்பது என்று யாரும் யோசிக்கவில்லை. மண்ணுக்குள் விதை கிடந்தது, மாடு தின்று போட்டதும் சேர்ந்தது. இரண்டு மழையில் பழையபடி நின்றது.

என் வேண்டுகோள் இதுதான். ஆறு ஏக்கரையும் ஒரே நேரத்தில் தொடாதீர்கள். இந்த வருடம் ஒரு ஏக்கர். அதில் வேரோடு எடுத்து, மறுமுளைப்பைத் தொடர்ந்து பிடுங்க ஆள் வேண்டும். 1,000 கன்றுக்கு ஒதுக்கிய பணத்தில் 100 கன்று வாங்கிவிட்டு, மிச்சத்தை ஒரு தோட்டக்காரரின் மூன்று வருடச் சம்பளத்துக்கு வைக்க வேண்டும். கன்று என்ன? உடைமரம், வெள்வேலம், உசில், புரசு, இலுப்பை, வேம்பு. விதைக்கு நர்சரி வேண்டாம். பக்கத்து ஊர் அய்யனார் கோயில் காட்டில் பூசாரியைக் கேட்டுக்கொண்டு பொறுக்கலாம், என்.எஸ்.எஸ். தம்பிகள் செய்வார்கள். இன்னொன்று, அந்தக் கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற நாலைந்து குடும்பங்கள் கல்லூரி மதில் ஓரமாக இருக்கின்றன. ஜே.சி.பி. வருவதற்கு முன்னால் அவர்களைக் கூப்பிட்டுப் பேச வேண்டும். வெட்டுகிற வேலையை அவர்களுக்கே கொடுக்கலாம், தோட்டக்காரரும் அங்கிருந்தே கிடைக்கலாம். நான் நேற்று மாலை போய் ஒருவரிடம் பேசிப் பார்த்தேன். "காலேஜ்காரங்க எங்களைக் கூப்பிடுவாங்களா தம்பி?" என்று கேட்டார்.

இதற்கு முதல்வர் அனுமதியும் நிர்வாகக் குழுத் தீர்மானமும் வேண்டும். செலவுக் கணக்கை இரண்டு பக்கத்தில் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். அதில் மண்வெட்டி முதல் சம்பளம் வரை இருக்கிறது, பேனருக்கு மட்டும் இடமில்லை. நாளைக் காலை பத்து மணிக்குப் பழைய டிராயிங் ஹாலில் குழு கூடுகிறது. வருகிறவர்கள் அதற்கு முன் ஏழு மணிக்கு ஹாஸ்டல் பின்கேட்டுக்கு வந்தால் நிலத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகலாம். முள் இருக்கும், செருப்புப் போட்டு வராதீர்கள், ஷூ போட்டு வாருங்கள். கரிமூட்டக்காரரையும் வரச் சொல்லியிருக்கிறேன்.