கேட்காமலே குறித்து வைத்த இடம்

கம்ப்யூட்டரில் ஒரு கடிதத்தைத் தட்டச்சு செய்து சேமிக்கிறோம். இணையத்திலிருந்து ஒரு சான்றிதழை இறக்குகிறோம். அந்தக் கோப்பு எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்று யாராவது கேட்டால், நம்மில் பலருக்குச் சட்டென்று சொல்ல வராது. எங்கே வைக்க வேண்டும் என்று நாம் சொல்லாவிட்டால், மென்பொருளை எழுதியவர்கள் முன்கூட்டியே குறித்து வைத்திருக்கும் இடத்துக்கு அது தானாகப் போய்விடும். இறக்கியது ‘டவுன்லோட்ஸ்’ ஃபோல்டருக்கு, தட்டச்சு செய்தது ‘டாக்குமென்ட்ஸ்’ ஃபோல்டருக்கு, கைபேசியில் வந்த படம் வாட்ஸ்அப்பின் தனி ஃபோல்டருக்கு. இப்படி முன்னரே அமைத்து வைத்திருப்பதைத்தான் ‘டிஃபால்ட்’ என்கிறார்கள். கம்ப்யூட்டர் படித்தவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டிய நுணுக்கம் இது என்று ஒதுக்கிவிடுவது வழக்கம். அப்படி ஒதுக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். அந்த இடத்தை நாமே தீர்மானிக்காத வரைக்கும், நம்மிடம் இருக்க வேண்டிய கோப்பு தொலைந்துபோகும். அழிந்தே ஆக வேண்டிய கோப்பு அடுத்தவர் கம்ப்யூட்டரில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும்.

இரண்டாவது ஆபத்தை முதலில் பார்ப்போம், ஏனென்றால் அதைத்தான் நாம் அதிகம் கவனிப்பதில்லை. நாகர்கோவில் மணிமேடை, வடசேரி, தக்கலை, மார்த்தாண்டம் என்று எங்கே போனாலும் ஜெராக்ஸ் கடையும் நெட் சென்டரும் உண்டு. வளைகுடா நாட்டு வேலைக்குப் பாஸ்போர்ட் நகல், கல்லூரிச் சேர்க்கைக்குச் சாதிச் சான்று, வங்கிக் கடனுக்குப் பட்டா என்று எதற்கும் நாம் போய் நிற்பது அங்கேதான். “இந்த நம்பருக்கு வாட்ஸ்அப் பண்ணிருங்க, பிரிண்ட் எடுத்துத் தாறேன்” என்கிறார் கடைக்காரர். அனுப்புகிறோம். கடைக் கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் திறந்தே இருக்கிறது. அவர் கோப்பின்மேல் ஒரு தட்டு தட்டுகிறார். அது டவுன்லோட்ஸ் ஃபோல்டருக்குள் இறங்குகிறது. தாள் வெளியே வருகிறது. பணத்தைக் கொடுத்துவிட்டு, தாள்களை எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டு கிளம்புகிறோம். தாளை எண்ணி வாங்கத் தெரிந்த நமக்கு, கோப்பைத் திரும்ப வாங்கத் தோன்றுவதில்லை. அந்த ஃபோல்டரைத் திறந்து பார்த்தால் ‘ஆதார்’ என்று ஒரு கோப்பு இருக்கும். பக்கத்திலேயே அதே பெயர், அடைப்புக்குறிக்குள் 1, அடுத்தது 2, அடுத்தது 3. ஒரே பெயரில் கோப்புகள் வந்தால் கம்ப்யூட்டரே இப்படி எண் போட்டு அடுக்கிக்கொள்ளும். ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் ஓர் ஆள் இருக்கிறார்: பிறந்த தேதி, வீட்டு முகவரி, புகைப்படம், அடையாள எண் எல்லாவற்றோடும். விண்ணப்பத்தில் உங்கள் கோப்பை இணைப்பதற்காகக் கடைக்காரர் அந்த ஃபோல்டரைத் திறக்கும்போது, உங்களுக்கு முன்னால் வந்துபோனவர்களின் பெயர்கள் வரிசையாகத் திரையில் நிற்கும். உங்களுக்குப் பின்னால் வருகிறவர் உங்கள் பெயரைப் பார்ப்பார்.

கடைக்காரர் நல்ல மனிதர், பல வருடப் பழக்கம், அவர் என்ன செய்துவிடப் போகிறார் என்று கேட்கலாம். அவருடைய நேர்மையை நான் சந்தேகிக்கவே இல்லை. ஆனால் கோப்பு அவர் கையில் மட்டும் இருப்பதில்லை. அந்தக் கம்ப்யூட்டர் நாளைக்குப் பழுதுபார்க்கப் போகும். சில ஆண்டுகளில் பழைய விலைக்குக் கைமாறும். யார் யாருடைய பென் டிரைவோ அதில் செருகப்படும். அதன் வழியாக வைரஸ் ஏறும். ஆதாரை வழங்கும் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம் 2022 மே 27 அன்று ஓர் அறிக்கை வெளியிட்டது. இன்டர்நெட் மையம் போன்ற பொது இடக் கம்ப்யூட்டரில் மின் ஆதாரை இறக்குவதைத் தவிருங்கள், இறக்கியே ஆக வேண்டுமென்றால் எல்லா நகல்களையும் அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து நிரந்தரமாக அழித்துவிடுங்கள் என்று அதில் சொல்லியிருந்தார்கள். ஆதார் நகலைக் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள் என்ற இன்னொரு பகுதி நாடு முழுக்கக் குழப்பத்தைக் கிளப்பியதால், இரண்டே நாளில், மே 29 அன்று, மத்திய அரசு அந்த அறிக்கையையே திரும்பப் பெற்றுக்கொண்டது. அறிக்கை போனது, அதில் இருந்த இந்த ஒரு நல்ல யோசனையும் கூடவே போய்விட்டது. மின் ஆதாருக்குத்தான் கடவுச்சொல் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகள், பிறந்த ஆண்டு, இவ்வளவுதான் அந்தக் கடவுச்சொல். உங்கள் வாக்காளர் அட்டையும் அதே ஃபோல்டரில் கிடந்தால் அந்தப் பூட்டுக்கு அர்த்தமே இல்லை. தனி உலாவல் முறையில், அதாவது இன்காக்னிட்டோவில் திறந்து இறக்கினால் தடயம் இருக்காது என்று நம்புகிறவர்களும் உண்டு. அந்த முறை, பார்த்த பக்கங்களின் பட்டியல் போன்றவற்றைத்தான் வைத்துக்கொள்ளாது. இறக்கிய கோப்பு அப்படியே கம்ப்யூட்டரில் இருக்கும்.

பெரிய நிறுவனங்களில் இருக்கும் வல்லுநர்கள் யோசித்துத்தானே ஓர் இடத்தைக் குறித்திருப்பார்கள், அதை நாம் ஏன் மாற்ற வேண்டும் என்பது அடுத்த கேள்வி. இதற்கு அமெரிக்காவைச் சேர்ந்த மென்பொருள் வடிவமைப்பு ஆய்வாளர் ஜாரெட் ஸ்பூல் 2011-இல் எழுதிய ஒரு கட்டுரையில் பதில் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் வேர்டைப் பயன்படுத்தும் சில நூறு பேரிடம், அவர்களுடைய அமைப்புகள் பதிவாகும் கோப்பை அனுப்பச் சொல்லி அவருடைய குழு வாங்கிப் பார்த்தது. அந்த மென்பொருளில் 150-க்கும் மேற்பட்ட அமைப்புகள் இருந்தன. அவற்றில் ஒன்றையாவது மாற்றியிருந்தவர்கள் 5 விழுக்காட்டுக்கும் குறைவு. அதைவிட முக்கியமான செய்தி ஒன்றும் கிடைத்தது. தட்டச்சு செய்யச் செய்யத் தானாகவே சேமித்துக்கொள்ளும் வசதி அந்த வேர்டில் ஆரம்பத்திலேயே அணைத்து வைக்கப்பட்டிருந்தது. ஏன் மாற்றவில்லை என்று கேட்டதற்கு, நிறுவனம் ஏதோ காரணத்தோடுதான் அப்படி வைத்திருக்கும் என்றார்கள் பயனர்கள். நிறுவனத்தில் விசாரித்தபோதுதான் உண்மை தெரிந்தது. அமைப்புக் கோப்பை எழுதிய நிரலாளர் தற்காலிகமாக எல்லா இடத்திலும் பூஜ்யம் போட்டு வைத்திருந்தார், சரியான மதிப்புகள் பிறகு வரும் என்று. யாரும் கொடுக்கவில்லை. பூஜ்யம் என்றால் ‘வேண்டாம்’ என்று பொருள்; அந்தப் பூஜ்யமே ஊர் உலகத்துக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. யாருமே எடுக்காத ஒரு முடிவை, வல்லுநர்கள் எடுத்த முடிவு என்று நம்பி அத்தனை பேரும் அதற்குள் வேலை செய்திருக்கிறார்கள்.

இனி முதல் ஆபத்துக்கு வருகிறேன், நம்மிடம் இருக்க வேண்டியது தொலைவது. ஆரம்பகால கம்ப்யூட்டர்களில் ஃபிளாப்பிக்கு ‘ஏ’, ‘பி’ என்று எழுத்து கொடுத்திருந்தார்கள். அதனால்தான் உள்ளே இருக்கும் தட்டு ‘சி’ ஆனது. ஃபிளாப்பிகள் மறைந்து எத்தனையோ காலம் ஆகிறது, ‘சி’ மட்டும் நிற்கிறது. விண்டோஸ் இயங்குவதற்கான கோப்புகள் இருப்பது இந்த ‘சி’ டிரைவில். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் எல்லாம் டிஃபால்ட்டாக இருப்பதும் அதே ‘சி’ டிரைவில்தான். கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்று கடையில் கொடுத்தால், “ஃபார்மட் அடிக்கணும். சி டிரைவ்ல முக்கியமா ஏதாவது இருக்கா?” என்று கேட்பார்கள். “சி-ல ஒண்ணும் இல்ல அண்ணே, எல்லாம் டெஸ்க்டாப்லதான் இருக்கு” என்று பதில் போகும். மகளின் கல்யாணப் படங்களும், பத்து வருட வரவு செலவும், எழுதி முடிக்காத கட்டுரையும் அந்த ஒரு பதிலில் போய்விடும். கேட்டவரும் ஏமாற்றவில்லை, சொன்னவரும் பொய் சொல்லவில்லை. தன் கோப்பு எங்கே இருக்கிறது என்பது சொந்தக்காரருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

எங்கே வைத்தோம் என்று தெரிந்து வைப்பதன் மதிப்பை, நாகர்கோவிலைச் சுற்றியுள்ள நாஞ்சில் நாட்டாருக்கு வெளியிலிருந்து யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. தோவாளை வட்டம் அழகியபாண்டியபுரத்தில், பெரியவீட்டு முதலியார் குடும்பத்தில் நூற்றாண்டுக்கணக்கான பழைய ஓலை ஆவணங்கள் இருந்தன. நிலம், வரி, அடிமைகளை விற்றது வாங்கியது என்று இந்த மண்ணின் பழைய வாழ்க்கை அவற்றில் இருக்கிறது. தேரூரில் 1876-இல் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையைக் கவிஞராகத்தான் பெரும்பாலோர் அறிவோம். கல்வெட்டிலும் ஓலையிலும் ஆழ்ந்த ஆராய்ச்சியாளரும் அவரே. அவர் அந்த ஓலைகளைத் தேடிப் போய்ப் படித்தார், படி எடுத்தார். பின்னாளில் ஆய்வாளர் அ.கா. பெருமாள் அவற்றைப் பதிப்பித்து நூலாக்கினார். அந்த ஆவணங்கள் இன்றைக்கு நம் கையில் இருப்பதற்கு இரண்டு காரணங்கள். ஓலைகள் இன்ன வீட்டில் இருக்கின்றன என்பது தெரிந்திருந்தது. இன்னொரு படி வேறொரு இடத்துக்குப் போனது. மூல ஓலை செல்லரித்தாலும் செய்தி பிழைக்கும். கம்ப்யூட்டர் கோப்புக்கும் இந்த இரண்டு நிபந்தனைகள்தான். டிஃபால்ட் இடம் இந்த இரண்டில் ஒன்றையும் நமக்கு உறுதி செய்வதில்லை.

இப்போது இதற்கெல்லாம் கிளவுட் இருக்கிறதே என்பார்கள். கோப்பு இணையத்தில் நிறுவனத்தின் சர்வரில் இருந்துவிட்டால், கம்ப்யூட்டர் போனாலும் கோப்பு போகாது. இது நியாயமான வாதம். 2021 நவம்பர் மழையில் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்ததை நினைத்தால், வீட்டுக்கு வெளியே ஒரு பிரதி இருப்பது மிக நல்லது என்றே நானும் சொல்வேன். விண்டோஸுக்கான வேர்டில் தொடங்கும் புதிய ஆவணங்கள் தாமாகவே கிளவுடுக்குப் போகும்படி மாற்றுவதாக மைக்ரோசாஃப்ட் 2025 ஆகஸ்டில் அறிவித்ததற்கும் இதையே காரணமாகச் சொல்லலாம். ஆனால் இங்கேயும் இடத்தைக் குறித்தது நாம் இல்லை. மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தருவது 5 ஜி.பி., கூகுள் தருவது 15 ஜி.பி. நிறைந்ததும் பணம் கேட்கும் அறிவிப்புகள் வரத் தொடங்கும். இடத்தைக் காலி செய்யலாம் என்று மைக்ரோசாஃப்டின் கிளவுடான ஒன்டிரைவில் அழித்தால், இரண்டும் ஒன்றோடொன்று கட்டப்பட்டிருக்கும்போது, கம்ப்யூட்டரின் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரிலிருந்தும் அது மறையும். நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. பலருடைய ஜிமெயில் கணக்கை, ஏதோ ஒரு விண்ணப்பத்துக்காக, நெட் சென்டர் பையன்தான் தொடங்கிக் கொடுத்திருப்பான். கடவுச்சொல் அவன் போட்டது. மீட்பு எண்ணும் சில நேரம் அவனுடையது. அந்தக் கணக்கில் குடும்பத்தின் படங்கள் எல்லாம் போய்ச் சேர்ந்த பிறகு, அது யாருடைய பெட்டகம் என்று கேட்டுப் பாருங்கள். கிளவுட் வேண்டும், ஆனால் எந்தக் கணக்கு, எந்தக் கோப்பு, எந்தப் பிரதி என்பதை நாம் முடிவு செய்த பிறகு.

மாற்றுவது கஷ்டமும் அல்ல. குரோம் உலாவியின் அமைப்புகளில் பதிவிறக்கம் என்ற பகுதிக்குப் போனால், ஒவ்வொரு கோப்பையும் எங்கே சேமிப்பது என்று முதலில் கேட்கச் சொல்லும் ஒரு பொத்தான் இருக்கிறது. அணைந்தே இருக்கும், அதைப் போட்டுவிட வேண்டும். வேர்டின் விருப்பங்களில் சேமிப்புப் பகுதியில், டிஃபால்ட் இடத்தை நாமே எழுதிக்கொள்ளலாம். டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரையே ‘டி’ டிரைவுக்கு மாற்ற, அதன் பண்புகளில் ‘லொக்கேஷன்’ என்ற இடத்தில் வழி இருக்கிறது. வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இவ்வளவு போதும்.

கடைக்காரர்கள் ஒரு மறுப்புச் சொல்வார்கள், அதில் நியாயம் இருக்கிறது. கல்லூரிச் சேர்க்கைக் காலத்தில் வாசல் வரைக்கும் கூட்டம் நிற்கும்போது, ஒவ்வொரு கோப்புக்கும் இடம் கேட்டுக்கொண்டிருந்தால் வேலை ஓடாது. சரி, அவர்களுக்குக் கேட்கும் பொத்தான் வேண்டாம். விண்டோஸிலேயே ‘ஸ்டோரேஜ் சென்ஸ்’ என்று ஒரு வசதி உண்டு. டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் ஒரு நாளுக்கு மேல் திறக்காமல் கிடக்கும் கோப்பைத் தானாக அழிக்கும்படி அதில் சொல்லி வைக்கலாம். கடை அடைக்கும்போது ஒருவர் கையால் அழிக்க வேண்டிய வேலைகூட மிச்சம். அந்த வசதியும் டிஃபால்ட்டாக ‘ஒருபோதும் வேண்டாம்’ என்றுதான் வைக்கப்பட்டிருக்கிறது. ஒருமுறை மாற்றினால் போதும், ஆண்டு முழுக்க அது தன் வேலையைச் செய்யும். 2023-இல் நாடாளுமன்றம் இயற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், எதற்காக வாங்கினோமோ அந்தக் காரியம் முடிந்ததும் தரவை அழிக்க வேண்டும் என்கிறது. சட்டத்தின் கடமைகள் படிப்படியாகத்தான் நடைமுறைக்கு வருகின்றன. அதற்குக் காத்திருக்கத் தேவையில்லை. கூட்டுறவுச் சங்கங்களிலும் அரசு கேபிள் நிறுவனத்தின் பொறுப்பிலும் தனியாரிடமும் நடக்கும் இ-சேவை மையங்கள் எல்லாம் ஒரே அரசு அமைப்பின் அனுமதியோடுதான் இயங்குகின்றன. அந்த அனுமதியோடு ஒரு நிபந்தனையாக, மையத்தின் கம்ப்யூட்டரில் டவுன்லோட்ஸ் ஃபோல்டர் தினமும் காலியாக வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால், நாளைக்கே செய்யக்கூடிய காரியம் இது. அதுவரைக்கும், தாளை வாங்கும்போதே “அந்த ஃபைலையும் அழிச்சிருங்க அண்ணே, ரீசைக்கிள் பின்லயும் இருக்கக் கூடாது” என்று நாம் கேட்கலாம். கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். நான்கு பேர் கேட்டால் ஐந்தாவது ஆளுக்கு அவரே அழித்துக் கொடுப்பார்.