தையல் இயந்திரத்தில் ஒரு கோலம்

(மகளிர் பிரிவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தில்லியின் மார்கழிக் குளிரை முதன்முறையாகச் சந்திக்கும் தமிழ்க் குடும்பம் 'ரஜாய்' என்ற சொல்லை விரைவிலேயே கற்றுக்கொள்கிறது. இரு துணிகளுக்கிடையே பஞ்சைப் பரப்பி, ஊடே தையல் ஓட்டிய போர்வை அது. தையல் இல்லையேல் பஞ்சு ஒரு மூலையில் திரண்டுவிடும். வங்காளத்துக் கந்தாவும் பீகாரின் சுஜனியும் இதற்கு உறவினவே. நைந்த புடவைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, ஓட்டுத் தையலால் ஒன்றாக்கினார்கள் அந்நாட்டுப் பெண்கள். கையால் செய்தால் மாதங்கள் பிடிக்கும் அவ்வேலையை நம் வீட்டுத் தையல் இயந்திரத்திலேயே செய்யலாம். அதனைக் கற்கும் முறையே இன்று என் பேச்சு.

சாதாரணத் தையலில் ஊசியின் கீழுள்ள பற்கள் துணியைத் தள்ளிக்கொண்டே செல்கின்றன. அப்பற்களை இறக்கிவிட்டால், அல்லது தகட்டால் மூடிவிட்டால், துணி நம் கைவசமாகிவிடும். எத்திசையிலும் நகர்த்தலாம். தையற் பள்ளியில் வளையம் பூட்டிப் பூவேலை கற்றவர்களுக்கு இது புதிதன்று. வழக்கமான பாதத்தைக் கழற்றிவிட்டு, 'டார்னிங்' பாதம் என்று கடைகளில் கிடைக்கும் சிறு வளையப் பாதத்தைப் பூட்டிக்கொள்ள வேண்டும்.

ஆனால் தையலின் நீளத்தை இனி இயந்திரம் நிர்ணயிக்காது. கால் விரைந்து கை தயங்கினால் தையல் எறும்புச் சாரைபோல் நெருங்கும். கை விரைந்தாலோ பல்லிளிக்கும். முதல் வாரத்திலேயே இயந்திரம் பழுதென்று முடிவுகட்டி, மூடிவைத்துவிடுவோர் பலர். பெரும்பாலும் பழுது ஒன்றும் இராது. காலும் கையும் இன்னும் உடன்படவில்லை, அவ்வளவே! அடிப்புறத்தில் நூல் கூடு கட்டினால், பாதத்தைத் தூக்கும் பிடி இறக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது மேலே நின்றால் மேல்நூலுக்கு இறுக்கமே இராது. தொடங்குமுன் பாபின் நூலையும் மேலே இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். கையால் சுழற்றும் இயந்திரம் இதற்கு உதவாது. துணியை நடத்த இரு கைகளும் வேண்டும். மிதி இயந்திரம் மிக நன்று. அதன் வேகம் நம் சொற்படி கேட்கும் என்பது என் அபிப்பிராயம்.

நமக்கு ஒரு செல்வம் உண்டு. சிக்குக் கோலம் பலவும் ஒரே இழையாய் ஓடித் தொடங்கிய இடத்திலேயே முடிவன. இத்தையலுக்கும் அத்தகைய வழியே வேண்டும். நூலை அறுக்கும் இடமெல்லாம் ஒரு முடிச்சு அன்றோ? பென்சிலைத் தூக்காமல் தாளில் பலமுறை வரைந்து பாருங்கள். கை வழியை அறிந்தபின் துணிக்கு வாருங்கள்.

நேர்கோடும் சீரான வளைவும் வேண்டுவோர் அளவுகோலின் துணையை நாடலாம். இங்கே எச்சரிக்கை தேவை. துணி வெட்டும்போது வைக்கும் மெல்லிய அளவுகோல் கூடாது. அது பாதத்தின் அடியில் நழுவி ஊசியில் சிக்கும். ஊசி முறிந்து கண்ணில் தெறிக்கவும் கூடும். கால் அங்குலக் கனமுள்ள அக்ரிலிக் அளவுகோலும், அதற்கென்றே உயர்ந்த விளிம்புடன் செய்த பாதமும் இரண்டும் வேண்டும். சக்கரத்தை ஒருமுறை கையால் சுற்றி, பாதம் எவ்வளவு உயர்ந்தாலும் அளவுகோல் அடியில் புகவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஊசிக்கும் அப்பாதத்தின் விளிம்புக்கும் இடையே பெரும்பாலும் கால் அங்குலம் இருக்கும். எனவே கோடு விழவேண்டிய இடத்திலிருந்து அவ்வளவு தள்ளி அளவுகோலை வைக்க வேண்டும். அளவுகோலும் துணியும் சேர்ந்தே நகரவேண்டும். அதை இடம் மாற்றும்போதெல்லாம் இயந்திரத்தை நிறுத்தி, ஊசியைத் துணிக்குள் இறக்கிவையுங்கள்.

உடுத்த முடியாமல் நைந்தும், எறிய மனமில்லாமலும் அன்னையின் நூற்புடவை ஒன்று நம் பெட்டிகளில் உறங்குகிறது. அதனைத்தான் போர்வையாக்க எண்ணுகிறீர்கள் என்பதை அறிவேன். ஆனால் முதல் தையலை அதில் போடாதீர்கள். பழைய படுக்கை விரிப்பில் ஒரு சாண் சதுரங்கள் வெட்டி, நடுவே மெல்லிய பஞ்சுத்தாள் வைத்து, நாளும் கால் மணி நேரம் பழகுங்கள். அடுத்த கூட்டத்திற்கு அச்சதுரங்களைக் கொண்டு வாருங்கள், கோணலானவற்றையும் சேர்த்தே.