கைத்தொழிலாளர் நகர உரிமை எய்திய வரலாறு



ஒரு நகரத்தில் வசிப்பது வேறு. அந்நகரத்துக்கு உரியவராய் வாழ்வது வேறு. இவ்வேற்றுமையை ஸ்காத்லாந்து தேசத்துத் தொழிலாளர் சரித்திரம் நன்கு விளக்குமாதலின், அதனை இன்று சிறிது ஆராய்வோம்.

முதலாம் தாவீது மன்னன் (1124–1153) அந்நாட்டிற் சில நகரங்களுக்கு வாணிக உரிமை அளித்தான். அதனைத் துய்ப்போர் ‘பர்ஜஸ்’ எனப்பட்டனர். நகரத்திற் கடை வைத்தலும் தொழில் நடத்தலும் அவர்க்கே உரியன. அதற்கீடாக அவர் வரி இறுத்தார். இரவிற் காவலும் புரிந்தார். ஏனையோர் ‘உரிமையிலார்’ எனப்பட்டு ஒதுங்கி நின்றனர்.

இவ்வுரிமை எய்தும் வழிகள் நான்கு: பர்ஜஸுக்கு மகனாய்ப் பிறத்தல், அவர் மகளை மணத்தல், அவரிடம் தொழில் பயிலுதல், பொருள் கொடுத்துப் பெறுதல். மகனும் மருமகனும் சிறுதொகை செலுத்தினர். அயலானோ பெருந்தொகை செலுத்தினான்.

தொழிலாளனுக்கு இஃதொன்றே போதாது. தன் தொழிற்சங்கத்திலும் அவன் சேர்தல் வேண்டும். எடின்பரோ நகரில் கல்தச்சரும் மரத்தச்சரும் 1475-இலும், கம்மியர் 1483-இலும் நகரசபையின் முத்திரைச் சாசனம் பெற்றனர். இளைஞன் பல்லாண்டு ஆசானிடம் பயின்று, பின்னர்க் கூலிக்கு உழைத்து, முடிவில் தன் கையாற் செய்த பொருளொன்றைச் சங்கத்தார் முன் வைப்பான். அவர் குற்றங் காணாராயின் அவன் உரிமையாளனாவான்.

எனினும், நகரசபையில் வணிகரே மேலோங்கி நின்றனர். நெடும்பூசலுக்குப் பின், ஆறாம் ஜேம்ஸ் மன்னன் காலத்தில், 1583-ஆம் ஆண்டுத் தீர்ப்பினால் எடின்பரோத் தொழிலாளர் சபையில் உறுதியான இடம் பெற்றனர். கிளாஸ்கோவில் 1605-இல் இத்தகைய உடன்பாடு ஏற்பட்டது. அங்கே 14 தொழிற்சங்கங்கள் ஒரு தலைவர்க்கீழ் இணைந்தன.

நண்பர்களே! வாயிலிற் போராடி உட்புகுந்தவர் அவ்வாயிலைத் தாமே அடைத்ததையும் நாம் மறத்தலாகாது. ஜேம்ஸ் வாட் என்பார் பயிற்சிக் காலத்தை முறைப்படி முடித்திலர் எனக் கிளாஸ்கோக் கம்மியர் அவர்க்கு இடங்கொடுத்திலர் என்பது வழங்கிவருஞ் செய்தி. 1757-இல் பல்கலைக்கழகமே தன் எல்லைக்குள் அவர்க்குத் தொழிற்கூடம் அளித்தது. நீராவி யந்திரத்தைத் திருத்தியமைத்த பேரறிஞர் அவரே!

1846-இல் எழுந்த சட்டம் தனியுரிமைகளை ஒழித்தது. சங்கங்களுட் பல இன்றும் உள. அறஞ் செய்தலாற் பெயர் நிலைத்துள்ளன. திறமையைக் காக்க எழுந்த சங்கம் திறமையாளனை வெளியே நிறுத்துமாயின், அதன் பயன் யாது? சங்கங் கூடும் நாம் அனைவேமும் இதனை உள்ளத்திற் கொள்வோமாக.