போந்தையடியிலிருந்து களத்திற்கு



பத்தாண்டு நிறைவு விழாவில் உரையாற்ற வேண்டும் என்று அழைப்பு வந்தபோது, தற்காப்புக் கலைகளைப் பயின்ற அனுபவத்தைப் பேசட்டுமா என்று கேட்டேன். தொலைபேசியின் மறுமுனையில் சற்று நேரம் அமைதி நிலவியது. தமிழ் கற்பிப்பவளுக்கும் கம்புக்கும் குத்துக்கும் என்ன உறவு என்ற ஐயம் அந்த அமைதியில் இருந்திருக்கக்கூடும். ஐயம் நியாயமானதே. ஆதலால் புறநானூற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளியைப் பற்றிப் புறநானூற்றில் அடுத்தடுத்து ஆறு பாடல்கள் உள்ளன. 80, 81, 82 ஆகிய மூன்றும் சாத்தந்தையார் பாடியவை. 83, 84, 85 ஆகிய மூன்றும் பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார் பாடியவை. ஒரே வீரனை ஓர் ஆணும் ஒரு பெண்ணும் பாடியிருக்கின்றனர். ஆமூர் மல்லனோடு அவன் பொருத மற்போரைச் சொல்லும் சாத்தந்தையார் களத்தின் ஓரத்திலேயே நிற்கிறார். எந்தக் கால் எங்கே ஊன்றியது என்பதுவரை அவருக்குத் தெரிகிறது. நக்கண்ணையாரோ 85ஆம் பாடலில், காற்சிலம்பு ஒலிக்க ஓடி, தம் வீட்டுப் பனையின் முழவு போன்ற அடிமரத்தை ஒட்டி நின்று பார்க்கிறார். அவன் வென்றான் என்று ஒரு சாராரும், வெல்லவில்லை என்று மற்றொரு சாராரும் பேசிக்கொண்டிருக்க, வென்றதைத் தாம் கண்டதாக உறுதி கூறுகிறார். பெண்ணின் சாட்சியத்தில் தடுமாற்றமே இல்லை. அவள் நின்ற இடம்தான் களத்திற்கு வெளியே இருக்கிறது.

அப்பாடலில் பனையைக் குறிக்க வரும் சொல் போந்தை. நான் பிறந்த ஊரும் பனைகள் சூழ்ந்தது. திருச்செந்தூருக்குப் போகும் வழியில் உள்ள சிற்றூர். அம்மன் கொடையின்போது மேளத்திற்கு முன்னே சிலம்பம் ஆடிச் செல்வார்கள். மாலை வேளைகளில் ஊருக்கு மேற்கே ஒரு பொட்டலில் சிறுவர்களுக்குப் பயிற்சி நடக்கும். சிறுமிகளாகிய நாங்கள் பார்க்கலாம். பொட்டலுக்குள் கால் வைக்கலாகாது. என் தந்தையார் ஒருமுறை எனக்காகக் கேட்டுப் பார்த்தார். பெண்பிள்ளை கால் கம்பைத் தாண்டினால் கம்புக்கு ஆகாது என்று விடை வந்தது. சினத்தோடு சொல்லப்பட்டதன்று அது. மழை வராது, வெயில் அடிக்கும் என்று சொல்வதுபோல இயல்பாகச் சொல்லப்பட்டது. அதனாலேயே அதை மறுத்துப் பேச வழி இருக்கவில்லை.

1991ஆம் ஆண்டு, பன்னிரண்டாம் வயதில், பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் படித்தபோது கராத்தே வகுப்பில் சேர்ந்தேன். வெள்ளைச் சீருடை, இடுப்பில் பட்டை, மாதம் ஒரு சிறு கட்டணம். பெண்பிள்ளை என்று எவரும் தடுக்கவில்லை. சொந்தத் தெருவின் கலை வெளியே நிறுத்தியவளை, ஓகினாவாத் தீவின் கலை உள்ளே அழைத்துக்கொண்டது. அந்நாளில் எனக்கு இது வியப்பாகவே தோன்றவில்லை. பிள்ளைகளுக்குக் கிடைத்தது போதும். காரணத்தைப் பிற்காலத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன்.

கராத்தேயும் ஒரு காலத்தில் மறைவாகப் பயிலப்பட்ட கலைதான். ஷுரி, நஹா, தொமாரி என்னும் ஊர்களின் பெயரால் அதன் பழைய மரபுகள் வழங்கின. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அன்கோ இத்தோசு என்னும் ஆசிரியர் அதனை ஓகினாவாப் பள்ளிகளுக்குக் கொண்டு சென்றார். பள்ளிப் பிள்ளைகளுக்கென்று 'பினான்' என்ற ஐந்து அடிவரிசைகளை வகுத்தார். அவர் மாணவருள் ஒருவராகிய கிச்சின் ஃபுனாகோஷி 1922இல் தோக்கியோவில் இக்கலையை அறிமுகம் செய்தார். ஜூடோவில் கானோ வகுத்திருந்த தர முறையைப் பின்பற்றி 1924இல் கறுப்புப் பட்டையும் வழங்கினார். 1930களில் 'சீனக் கை' என்று பொருள்பட்ட எழுத்தை மாற்றி 'வெறுங்கை' என்று பொருள்படும் எழுத்தால் எழுதத் தலைப்பட்டனர். ஆக, பாளையங்கோட்டைக்கு வந்து சேர்ந்த கராத்தே, பள்ளிப் பாடமாக மாறி முடிந்திருந்த கராத்தே. பாடத்திட்டத்திற்கு ஆண் பெண் வேறுபாடு தேவைப்படுவதில்லை. கட்டணமும் தேர்வும் இருந்தால் போதும்.

அங்கே உடல் எண்ணுக்கு அசைந்தது. இச்சி, நி, சன், ஷி என்று பத்துவரை ஆசிரியர் எண்ணுவார். ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு குத்து. முப்பது பேரின் முட்டிகளும் ஒரே நேரத்தில் நீளும். குத்தும் கை முன்னே செல்லும்போது மற்றக் கை இடுப்புக்குத் திரும்ப வேண்டும். இடுப்பின் திருப்பமே குத்துக்கு வலிமை. ஆறு ஆண்டுகள் பயின்றேன். நேராக நிற்கவும், எவரையும் கண்ணுக்கு நேரே பார்க்கவும் எனக்குக் கற்பித்தது அந்த வகுப்பே. பேருந்து நெரிசலில் அதன் பயனை நான் நன்கறிவேன்.

முனைவர் பட்ட ஆய்வின்போது, 2004ஆம் ஆண்டு, சேரநாட்டுச் செய்திகளைத் தேடி வடகேரளத்தில் மூன்று திங்கள் தங்க நேர்ந்தது. மழைக்காலம். களரியில் எண்ணெய் பூசிப் பயில்வதற்கு உகந்த பருவமும் அதுவே. தலைச்சேரிக்கு அருகில் ஒரு களரியில், குருக்களின் மகளார் பெண்களுக்கு வைகறையில் பயிற்சி அளித்து வந்தார். வடக்கன் களரி மரபுப்படி அமைந்த கூடம் அது: நாற்பத்திரண்டு அடி நீளம், இருபத்தோரடி அகலம், தரைமட்டத்திற்குக் கீழே தோண்டிய மண்தளம், தென்மேற்கு மூலையில் ஏழு படிகள் கொண்ட பூத்தறை. வலக்காலை முன்வைத்து இறங்கி, மண்ணைத் தொட்டு வணங்கிய பிறகே எதுவும். மெய்த்தாரி முடிந்தால் கோல்த்தாரி, பின் அங்கத்தாரி, கடைசியில் வெறுங்கை என்பது கற்பிக்கும் முறை. மூன்று திங்களில் நான் மெய்த்தாரியின் வாசலைத்தான் கண்டேன்.

கராத்தேயில் எண் இருந்த இடத்தில் அங்கே சொல் இருந்தது. வாய்த்தாரி என்பார்கள். எந்தக் கால், எப்பக்கம், எவ்வளவு தாழ்வு, எங்கே திரும்பல் என்பதையெல்லாம் ஒரே மூச்சில், ஏறத்தாழப் பாட்டைப்போல ஆசிரியர் சொல்லிக்கொண்டே வருவார். செவியில் விழுந்த சொல் முடிவதற்குள் உடல் அதைச் செய்து முடித்திருக்க வேண்டும். மலையாளம் அரைகுறையாகவே அறிந்த எனக்குப் பெரும்பாலான சொற்கள் தமிழாகவே கேட்டன, அங்கேதான் இடர். அமர்தல் என்றால் நம் வழக்கில் உட்காருதல். களரியில் அது தொடை நடுங்க உடலைத் தாழ்த்தி நிலத்தோடு அழுத்தி நிற்கும் நிலை. பழந்தமிழில் அமர் என்பது போருக்கும் பெயர், விருப்பத்திற்கும் பெயர். அவற்றிடையே வேர்த்தொடர்பு கற்பிக்க நான் வரவில்லை. அந்த நிலையில் கால் நாழிகை நின்ற தொடைக்கு விருப்பம் எதுவும் மீதமிருக்காது என்று மட்டும் சொல்வேன்.

மெய் கண்ணாக வேண்டும் என்பது களரியில் வழங்கும் முதுமொழி. மெய் என்ற சொல்லுக்கு உடல் என்றும் உண்மை என்றும் இரு பொருள் கற்பிக்கிறோம். எண்ணெய் வழியும் உடலோடு, விளக்கு வெளிச்சத்தில், பின்னால் வருபவரின் மூச்சைத் தோளால் உணர்ந்தபோது, அவை இரண்டும் இரு பொருள்தாமா என்ற ஐயம் எழுந்தது. ஏழாம் வயதில் தொடங்கி முதுமையிலும் வடகரையில் கற்பித்துவந்த மீனாட்சியம்மா 2017இல் பத்மஸ்ரீ பெற்றதை அறிந்தபோது, அந்த வைகறை வகுப்பை நினைத்துக்கொண்டேன். வடக்கன் பாட்டுகளின் உண்ணியார்ச்சையை எல்லாரும் புகழ்வர். புகழ்வதற்குப் பாட்டு போதும். கற்பதற்கோ, கதவைத் திறந்துவைக்கும் ஒரு வீடு வேண்டும்.

சிலம்பம் என் கைக்கு வந்தது 2016இல்தான். அப்போது எனக்கு முப்பத்தேழு வயது. நான் பணியாற்றும் ஊரில் எழுபது கடந்த ஆசான் ஒருவர் இருந்தார். ஆண்பிள்ளைகள் மட்டைப்பந்துக்குப் போய்விட்டதால் பெண்பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டதாக வெளிப்படையாகவே சொன்னார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. முதல் ஆறு கிழமைகள் கம்பைத் தொடவே விடவில்லை. வெறுங்காலில் காலடி வரிசை மட்டும். "காலடி தெரியாதவன் கையில் கம்பு வெறும் விறகு" என்பார். பிறகு நெற்றி உயரத்திற்கு அறுத்த மூங்கில் கம்பு. அது சரியாகச் சுழன்றால் ஒரு சீரான ஒலி எழும். ஆசான் பல நேரங்களில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒலியைக் கேட்டே எவள் மணிக்கட்டு தளர்ந்தது என்று சொல்வார். சிலம்புதல் என்றால் ஒலித்தல் என்று இலக்கண வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! அச்சொல் கம்பில் குடியிருப்பதை அங்கேதான் கேட்டேன்.

அவர் களத்தில் வழங்கிய சொற்கள் பலவும் நாம் நாள்தோறும் புழங்குபவை. பாவலா காட்டுதல் என்றால் நமக்குப் பாசாங்கு. அவருக்கோ, ஒரு பக்கம் வீசுவதாய்க் கம்பை அசைத்து மறுபக்கம் இறக்கும் ஓர் உத்தி. காலை வாரிவிடுதல் என்பதை அலுவலக அரசியலில் அறிவோம். கம்பால் கணுக்காலை வாரப்பட்டு மண்ணில் விழுந்தவள் அச்சொல்லை வேறுவிதமாக அறிவாள். இன்றைய மாணவர்கள், வீண் வாதம் புரிபவரைக் கம்பு சுற்றுகிறார் என்று எள்ளுகிறார்கள். ஆசான் கேட்டிருந்தால், எத்தனை சுற்று என்று வினவியிருப்பார்.

அடிமுறையில் என் பயிற்சி மிகச் சிறிது. 2019 கோடை விடுமுறையில் குமரி மாவட்டத்தில் ஓர் ஆசானிடம் ஐந்து கிழமைகள். தனியே பயில்வது ஒற்றைச்சுவடு, இருவராய்ப் பயில்வது கூட்டச்சுவடு. வர்மம் நூற்றெட்டு, அவற்றுள் படுவர்மம் பன்னிரண்டு, தொடுவர்மம் தொண்ணூற்றாறு என்று எண்ணிச் சொல்வார்களே தவிர, என் போன்றவர்க்கு இடம் காட்டமாட்டார்கள். அது சரியே என்று நானும் கருதுகிறேன். எனக்கு வேண்டியிருந்தது வேறொன்று. சாத்தந்தையாரின் 80ஆம் பாடலில், கிள்ளியின் ஒரு கால் மல்லனின் மார்பில் மண்டியிட, மற்றொரு கால் அவன் செய்யும் உபாயத்தைத் தடுத்து முதுகுப்புறம் வளைகிறது. மார்பிலும் முதுகிலும் ஒரே பொழுதில் கால்கள் எவ்வாறு அமையும் என்று வகுப்பில் மாணவியர் கேட்பதுண்டு. இதை ஆசானிடம் பொருள் கூறிக் கேட்டேன். அவர் ஏடு எதையும் படித்தவரல்லர். தம் மகனைக் கூப்பிட்டு மல்லாத்தி, பக்கவாட்டில் சரிந்து, முழங்காலை மார்பில் ஊன்றி, மறுகாலை அவன் முதுகின் கீழே செலுத்திப் பூட்டுப் போட்டார். அவன் எழும்ப முயன்ற ஒவ்வொரு முறையும் பூட்டு இறுகியது. பசித்த யானை மூங்கிலைத் தின்ன முயல்வதுபோலத் தலையும் காலும் ஒருங்கே மோதப்பட்டதாகப் புலவர் மேலே உவமை சொல்வதும் அப்போது விளங்கிற்று. ஒரு முனையை மட்டும் அமுக்கினால் மூங்கில் மறுமுனையில் நிமிர்ந்துவிடும் அல்லவா?

இங்கே ஓர் இடைப்பிறவரல். 'ஏழாம் அறிவு' திரைப்படம் 2011இல் வந்த பிறகு, கராத்தேயும் குங்ஃபுவும் போதிதருமர் வழியாக நாம் கொடுத்தவைதாமே என்று கேளாத மாணவர் இல்லை. போதிதருமரை ஷாவ்லின் போர்க்கலையோடு இணைக்கும் மரபு 17ஆம் நூற்றாண்டு நூல் ஒன்றைச் சார்ந்தது. வரலாற்றாசிரியர்கள் அதை ஏற்பதில்லை. அவரைப் பற்றிய மிகப் பழைய சீனக் குறிப்போ அவரைப் பாரசீகர் என்கிறது. பிறர் முற்றத்தில் உரிமை கொண்டாடும் ஆர்வத்தில் பாதியேனும் நம் முற்றத்துப் பொட்டலில் காட்டியிருந்தால், இன்று நான் சொல்லப்போகும் குறைக்கு இடமிருந்திராது.

சிலம்பம் இப்போது பாடமாகி வருகிறது. 2024 சனவரியில் தமிழ்நாட்டில் நடைபெற்ற கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுப் போட்டிகளில் அது காட்சி விளையாட்டாகச் சேர்க்கப்பட்டது. என் கல்லூரியில் பயிலும் மாணவியர் ஒற்றைக்கம்பு, இரட்டைக்கம்பு, சுருள்வாள் எனப் பிரிவு பிரிவாகப் போட்டிகளுக்குச் செல்கின்றனர். எவரும் அவர்களைப் பனையடியில் நிறுத்துவதில்லை. இத்தோசு தம் தீவில் செய்த வேலை நூறாண்டுகளுக்குப் பின் இங்கே நடைபெறுகிறது. அதனை நான் முழுமனத்தோடு வரவேற்கிறேன். பழைய பொட்டல் அப்படியே இருந்திருக்கலாம் என்று ஏங்குவோர் அங்கே எந்தப் பக்கம் நின்று பார்த்தவர்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆயினும் சென்ற ஆண்டு ஒரு பயிற்சியை வேடிக்கை பார்த்தேன். பயிற்சியாளர் இளைஞர், திறமையானவர். "ஒன், டூ, த்ரீ" என்று எண்ணிக்கொண்டிருந்தார். பாவலா என்பதற்கு இரண்டாம் எண். என் ஆசான் 2020இல் மறைந்தார். அவரிடம் கேட்டு நான் குறித்துவைத்த சொற்கள் நூற்று நாற்பது. அவற்றுள் முப்பதுக்கு மேற்பட்டவை நான் பார்த்த அகராதிகளில் இல்லை. சில இருக்கின்றன, களத்துப் பொருள் இல்லை. பதினோரு சொற்களுக்குக் குறிப்பேட்டில் பொருள் எழுதப்படவேயில்லை. அவற்றை அவர் சொல்லவில்லை, செய்து காட்டினார். உடன் பயின்ற இரு மாணவியரும் நானும் அந்த அசைவுகளை இன்னும் செய்வோம். சொல்லால் எழுத முயன்றால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதுகிறோம்.

இவ்வட்டத்தின் உறுப்பினர்கள் பல ஊர்களிலிருந்து வந்திருக்கிறீர்கள். உங்கள் ஊரில் கம்பு பிடித்த முதியவர் இருப்பின், அவரிடம் ஒரு மாலைப்பொழுது அமர்ந்து, காலடிக்கும் வீச்சுக்கும் தடுப்புக்கும் அவர் வழங்கும் பெயர்களைக் கேட்டு எழுதி அனுப்புங்கள். இயன்றால் அசைவையும் கைப்பேசியில் படம் பிடியுங்கள். பெண்கள் எவரேனும் கற்றிருந்தால் அவர் பெயரையும் தவறாமல் குறியுங்கள். குறிப்பேட்டின் படியை வட்டத்தின் செயலாளரிடம் இன்று ஒப்படைக்கிறேன். அந்தப் பதினோரு சொற்கள் கடைசிப் பக்கத்தில் உள்ளன.